ஆயக்கட்டு விவசாயி ஒருவன்

மஞ்சள் அம்புக்குறி போட்ட அந்தக் கல் கண்மாய்த் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி மிதித்திருந்தால் சைக்கிளோடு நேரே தாமரை இலைகளுக்குள் இறங்கியிருப்பேன். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அதை என் கையால் நட்டு, பெயின்ட் அடித்து, வடக்கே பார்க்க நிறுத்தியிருந்தேன். இப்போது அது மேற்கே பார்த்தது. கல் தானாகத் திரும்பாது. யாரோ திருப்பியிருக்கிறார்கள். யார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. வீடு ராஜபாளையத்தில். முப்பது வருடமாக வழக்குக் கட்டுகளோடு புழங்கியதில் மனிதர்களை நம்புகிற பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிருந்தது. பால் பாக்கெட் நனைந்திருந்தால்கூட யார் ஓட்டை போட்டது என்று விசாரணை வைக்கிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். சர்க்கரை கூடிவிட்டது, சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். மெயின் ரோட்டில் ஓட்டினால் சர்க்கரைக்கு முன்னால் லாரி என்னை முடித்துவிடும் என்று பயந்து, இரண்டு ஊருக்கும் நடுவே வண்டி வாகனம் இல்லாத வழி ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். ஒரு வருட ஞாயிறுகள் அதிலேயே போயின. மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகளின் வேலியோரமாகப் போய், ஓடைக்குள் இறங்கி ஏறி, யாத்திரைக்காரர்கள் ஒரு காலத்தில் தங்கிய கல்மண்டபத்தைத் தாண்டினால் பெரிய கண்மாய் ஒன்றின் கரை வரும். கரைமேல் ஏறியதும் தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும். பஸ்ஸில் பதினோரு கிலோமீட்டர். என் வழியில் இருபதுக்கு மேல். ஆனால் ஒரு ஹாரன் சத்தம் கேட்காது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் வயல், எதிரே கோபுரம் என்று மிதிக்கிற அந்தக் கொஞ்ச தூரத்துக்காக மற்ற தூரத்தையெல்லாம் மிதிக்கலாம். அந்த வழியைப் போனில் மேப்பாகப் போட்டு வைத்தேன். மதுரையிலிருந்து ஒரு சைக்கிள் கோஷ்டி அதைப் பார்த்துவிட்டு, வருகிறோம் என்று எழுதியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் கல் நட்டு அம்புக்குறி போட்டது அவர்களுக்காகத்தான்.

அந்தக் கண்மாயின் மடையைத் திறந்து, அடைத்து, வயல் வயலாகத் தண்ணீர் விடுகிற பொறுப்பு ஒருவரிடம் இருந்தது. எல்லோரும் அவரை மடைக்காரர் என்பார்கள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். காக்கி டவுசர், தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடியைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைப் போல எப்போதும் கூடவே வைத்திருப்பார். முதல் நாளே கரைமேல் குறுக்கே நின்று என்னை இறங்க வைத்தார்.

"யாரு, எந்தூரு?"

"ராஜபாளையம்."

"இங்க எதுக்கு வாரீக?"

"சும்மா, சைக்கிள் ஓட்ட."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு டயரிலிருந்து சீட்டு வரைக்கும் வண்டியைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தேகமாக யாரும் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெயரைக் கேட்டார். கோர்ட்டில் வேலை என்று மட்டும் சொன்னேன். முன்பின் தெரியாத ஆளிடம் எதற்குப் பெயரைக் கொடுப்பது என்ற எச்சரிக்கை எனக்கு. கோர்ட் என்ற சொல் அவர் முகத்தை இன்னும் இறுக்கியது.

கல் திரும்பியிருந்த அன்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"மாடு முட்டியிருக்கும்," என்றார்.

"மாடு முட்டினா கல்லு சாயும். அளந்து வச்ச மாதிரி திரும்புமா?"

"எங்க ஊரு மாடு திருப்பும் சார்."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கல் முள்வேலியைக் காட்டியது. அதற்கடுத்த வாரம் ஒரு கல்லையே காணோம். மதுரைக் கோஷ்டி வந்த அன்று ஆறு பேரும் அம்புக்குறியை நம்பி ஒரு மாந்தோப்புக்குள் போய், தோப்பு நாயிடம் கடி வாங்காத குறையாகத் தப்பி, மெயின் ரோட்டைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மேப்புக்குக் கீழே அவர்கள் எழுதிய நாலு வரியை நான் பத்துத் தடவை படித்தேன். ஒரு வருட உழைப்பை ஒருத்தர் மண்வெட்டிக் காம்பால் புரட்டிப் போட்டுவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

அப்படி எரிந்துகொண்டிருக்கும்போதுதான், ஒரு காலை, மண் அள்ளுகிற டிப்பர்காரர்கள் இரண்டு பேரோடு அவர் கரைமேல் நிற்பதைப் பார்த்தேன். கையை நீட்டி நீட்டி எதையோ காட்டினார். அவர்கள் பீடி கொடுத்தார்கள், வாங்கிப் பற்றவைத்தார். எனக்கு அது போதும். கண்மாய் மண்ணை விற்கத் தரகு பேசுகிறார், பார்க்க ஆள் இருக்கக் கூடாது என்றுதான் எங்களைத் திசை திருப்புகிறார் என்று கேஸ் முடிந்தது. பீடியைத் தவிர எந்தச் சாட்சியும் இல்லாத கேஸ். எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அன்று ஆபீசிலேயே உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடிதாசி டைப் அடித்தேன். கண்மாய் விவசாயிகள் சங்கத் தலைவருக்கு ஒன்று, மேலதிகாரிக்கு ஒன்று. மடைக்காரர் மண் கொள்ளைக்குத் துணை போகிறார் என்று தேதி, நேரத்தோடு எழுதினேன். வெளியாள் எழுதினால் குப்பைக்குப் போகும் என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. அதனால் கீழே, "இப்படிக்கு, ஆயக்கட்டு விவசாயி ஒருவன்" என்று முடித்தேன். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்களில் ஒருவன் என்று அர்த்தம். கெட்டிக்காரத்தனமாக எழுதிவிட்டேன் என்று எனக்கு நானே ஒரு டீ சொல்லிக் குடித்தேன். பங்குனி முடிவதற்குள் இரும்புக் கைப்பிடி அவர் கையைவிட்டுப் போய்விட்டது. அவருடைய அக்கா வீட்டுக்காரரிடம் மடையை ஒப்படைத்தார்கள். சந்தோஷப்பட்டேன். இல்லை என்று சொன்னால் பொய்.

வைகாசியில் கண்மாய் வற்றியது. என் கற்கள் நான் வைத்த திசையிலேயே நின்றன. கல்மண்டபத்திலிருந்து கரை வரைக்கும் அம்புக்குறி பார்த்து டிப்பர் வந்து போன தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்திருந்தது. கரையின் சரிவை வெட்டி உள்ளே இறங்க வழி போட்டிருந்தார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் என்ன இது என்று கேட்டேன்.

"மடைக்காரரு இருந்த வரைக்கும் ஒரு வண்டி ஏறலய்யா. கர இளகிக் கெடக்கு, ஏறுனா வண்டியோட உள்ள போயிருவீகன்னு பயங்காட்டித் திருப்பி விட்டுருவாரு. எந்த மகராசனோ கல்லு நட்டு வழி காட்டி வச்சிருக்கான். அதையும் அவருதான் திருப்பித் திருப்பி வச்சாரு. இப்ப இருக்கிற அவிய அத்தான் வாயில்லாத மனுசன், என்ன செய்வாரு?"

ஓடைப் பக்கம் போன ஆட்டைத் திருப்பிவிட்டு அந்த அம்மா தொடர்ந்தார்.

"உள்ளூர்க்காரன் கடுதாசி போட்டுத்தான் அவரு வேல போச்சு. அத்தாந்தான் போட்டாருன்னு அவருக்கு நெனப்பு. பொறவு ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்த கெடையாது."

வீட்டுக்கு வந்து மேப்பை அழித்தேன். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். கற்களைப் பிடுங்கி ஓடையில் போட்டேன். இதெல்லாம் ஒரே வாரத்தில் செய்த வேலை. செய்ய வேண்டிய வேலையை மட்டும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு போய்ச் சொல்லிவிடலாம் என்று ஆடி போயிற்று, ஐப்பசி மழையும் போயிற்று. அவர் அடிப்பாரோ, போலீசுக்குப் போவாரோ, என் வக்கீலுக்குத் தெரிந்துவிடுமோ என்று எனக்கு ஆயிரம் சந்தேகம். உண்மையில் வெட்கம்தான். மாசியில்தான் கிளம்பினேன்.

மடைக்காரர் இப்போது செட்டியார்பட்டி பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே போகச் சந்து வழி எதுவும் எனக்குத் தெரியாது. மெயின் ரோட்டிலேயே லாரிகளுக்கு நடுவில் மிதித்துப் போனேன். நீலச் சட்டை அவருக்குத் தொளதொள என்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை.

"ஆயக்கட்டு விவசாயின்னு போட்டிருந்துச்சே."

"அதும் நான்தான் போட்டேன்."

"எங்க அத்தான் இல்லியா?"

"இல்ல. அவருக்கு எதுவும் தெரியாது."

அவர் ரோட்டைப் பார்த்தபடி ரொம்ப மெதுவாகப் பேசினார்.

"போன மாசம், தையில, அக்கா மவளுக்குக் கல்யாணம். தேவதானத்துல குடுத்திருக்கு. அக்கா மூணு தடவ வந்து கூப்புட்டா. கதவத் தொறக்கல நான். தாய்மாமன் நான் ஒருத்தந்தான் சார் அந்தப் பிள்ளைக்கு. எனக்குன்னு போட்ட மணை கடசி வரைக்கும் சும்மாவே கெடந்துச்சாம்."

வைகாசியிலேயே நான் வந்திருந்தால் என்று அவர் கேட்கவில்லை. நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரியாது. அதையும் சொன்னேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அக்காவிடம் காட்டுங்கள் என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு?

"எழுதுனது போதும்," என்றார். "நேர்ல வந்து அத்தான், அக்கா முன்னால சொல்லுங்க."

அவருக்கு ஷிப்டு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இருக்கிறேன் என்றேன். கேட்டருகே ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு என் சைக்கிளைக் கேட்டுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தி, பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.