ஒப்பாரி ராகத்தில் கேட்ட தேத்தண்ணி

பக்கவாதம் வந்த காலையில் மருமகளிடம் "சட்டிய எறக்கு" என்று சொல்லப் போனேன். வாயில் வந்தது "குடை". இன்னொரு தடவை முயன்றேன். அப்போதும் குடை. வலது கையும் தொங்கிவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து வீடு வந்தேன். கை மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வந்தது. நலம் விசாரிக்க வந்த கங்காணிக்கு அதுதான் கிடைத்தது. "அக்கா நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஒப்பாரி என்னுடையது. நான் ஒரு அடி எடுத்துக் கொடுக்காமல் மற்றப் பொம்பளைகள் தொண்டையைத் திறக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என் மகன் மருமகளிடம், "அம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. வெள்ளிக்கிழமை மொனராகலைக்குக் கூட்டிப் போய் தங்கச்சி வீட்டுல விட்டுருவோம்" என்றான். மகள் நல்லவள்தான். ஆனால் அந்த வெயிலில் நான் கருவாடாகிவிடுவேன். என் சனமெல்லாம் இங்கே இருக்கிறது. போக மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

வியாழக்கிழமை மருமகள் என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா மூளைப் படத்தைக் காட்டிச் சிங்களத்தில் பேச, நர்ஸ் தமிழில் சொன்னாள்: "பேச்சு இருக்கிற இடது பக்கம் அடிபட்டிருக்கு. பாட்டுக்கு ஒதவுற வலது பக்கம் நல்லா இருக்கு. சில பேருக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டு இந்தப் பக்கத்து வேலையையும் பாக்கும். பாட்டிக்குப் புத்தி எங்கயும் போகல. ராகம் போட்டுச் சொல்லப் பழக்குங்க."

மலையில் ஒருத்தி வராவிட்டால் பக்கத்து நிரைக்காரி அவள் கொழுந்தையும் சேர்த்துப் பறிப்பாளே, அந்த மாதிரி என்று விளங்கிக்கொண்டேன். மருமகள் வந்து சொன்னதை மகன் நம்பவில்லை. "நர்ஸ் ஆறுதலுக்குச் சொல்லிருக்கும்" என்றான்.

வெள்ளி காலை என் பை வாசலில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோவும் வந்துவிட்டது. எனக்குத் தேத்தண்ணி வேண்டும். எனக்குத் தெரிந்த ராகம் ஒன்றுதானே. எடுத்தேன்.

"தேத்தண்ணி வேணுமடி… தேடி வந்த மருமகளே…"

வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. எனக்கே ஆச்சரியம். மருமகள் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். "அத்த, வேணாம் அத்த. ஆளுங்க உசுரோட இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது." நான் விடவில்லை. சீனிக்கு ஒரு அடி, இஞ்சிக்கு ஒரு அடி பாடினேன்.

லயத்துச் சுவருக்கு ரகசியம் தெரியாது. என் வீட்டுக்காரர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவு கட்டி, ஏழெட்டுப் பொம்பளைகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டி அழுதார்கள். அந்த நேரம் பார்த்து அவர் பீலித் தண்ணியில் குளித்துவிட்டு ஈரச் சாரத்தோடு வந்தார்.

"யாரு செத்தது?"

"நீங்கதாண்ணே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

மகன் கத்திக்கொண்டு உள்ளே வந்தான். அவன் பக்கம் திரும்பினேன்.

"பேச்சுத்தானே போச்சு மகனே… புத்தி போகலியே…
பஸ்ஸுல ஏத்துனா மகனே… பசறை வரைக்கும் பாடுவேனே…
மொனராகலை போக மாட்டேன்… மூச்சிருக்கும் காலம் மட்டும்…"

நான் ஒரு அடி பாடினால் வாங்கிப் பாடியே பழகிய பொம்பளைகள். "மூச்சிருக்கும் காலம் மட்டும்" என்று மாரில் அடித்துக்கொண்டு வாங்கிப் பாடினார்கள்.

மகன் கிட்ட வந்தான். "எல்லாம் வெளங்குதாம்மா ஒனக்கு?" தலையாட்டினேன். "அன்னைக்கு நாங்க பேசுனதும்?" அதற்கும் ஆட்டினேன். அவன் தலை குனிந்தது.

வெளியே போய் ஆட்டோக்காரனைத் திருப்பி அனுப்பினான். பொம்பளைகளுக்கு வேறு கவலை. அழுதபிறகு குளிக்காமல் எப்படி வீட்டுக்குள் போவது? சாவு இல்லையே, எதற்குக் குளிக்கணும் என்றாள் ஒருத்தி. கண்ணீர் விழுந்தால் விழுந்ததுதான் என்றாள் இன்னொருத்தி. கடைசியில் அந்தக் குளிரில் என்னைத் திட்டிக்கொண்டே எல்லோரும் பீலிக்குப் போனார்கள்.

மகன் பையைத் தூக்கி வந்து உள்ளே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இங்கயே இரும்மா. ஆனா இனிமே வேற ராகத்துல கேளு."

வேற ராகம் எனக்குத் தெரியாது. அதையும் பாடித்தான் சொன்னேன்.