பச்சைச் சுவருக்குத் தண்ணீர்

ஒரு கை தண்ணீரை அள்ளிச் சுவரில் வீசுகிறார் கொன்ஸ்ரன்ஸ். பிறகு இன்னொரு கை. மேலிருந்து கீழ்வரை நனைந்ததும் வாளியை வைத்துவிட்டு, சுவரில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். ஈரம் உள்ளே போகிறதா என்று பார்க்கிறாராம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் வேலைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். "சிரிங்க, நல்லா சிரிங்க. ஒங்க வீட்டுச் சுவர் உதிரும்போது என்னையத்தானே தேடுவீங்க" என்கிறார், கன்னத்தை எடுக்காமலே.

கொட்டாஞ்சேனைக்காரி. ஐம்பதைத் தாண்டிவிட்டார். பாவாடைக்கு மேல் ஆண்கள் போடும் நீளக்கைச் சட்டை. செபமாலையை உள்ளே விட்டு, மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். சாந்துக் கரண்டியும் மட்டப்பலகையும் ஒரு பழைய அரிசிப் பையில் வரும். மட்டப்பலகையை வேறு யாராவது தொட்டால் அன்றைக்குத் தொலைந்தார்கள். பூசும்போது சாந்தோடு சண்டை பிடிப்பார்: "நில்லுடி, எங்க வழுக்கிட்டு ஓடுற?" அது ஒழுங்காக ஒட்டிக்கொண்டாலும் பாராட்டுக் கிடையாது, அடுத்த கரண்டிக்கும் ஏச்சுத்தான். பிளேன்டீ கொடுத்தால் கோப்பை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி, சீமெந்து தின்ற விரல் நுனிகளை அமுக்கி விட்டுக்கொள்வார்.

இந்த ஊரில் மேசனைப் 'பாஸ்' என்பார்கள். பாஸ் என்றால் ஆண்பிள்ளை. சீமெந்து வாங்கப் போனால் கடைக்காரர் இவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, பாஸ் எங்கே என்று சிங்களத்தில் கேட்பார்: "பாஸ் கோ?" வீட்டுக்காரர்கள் கேற்றைத் திறந்துவிட்டு, "பாஸ் வரேல்லையோ?" என்பார்கள். "பாஸ் வந்து எவ்வளவு நேரம்! ஒங்களுக்குத்தான் கண்ணு தெரியல" என்பார் கொன்ஸ்ரன்ஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண் பூசிய சுவர் வெடித்தால் மணலில் உப்பு, கடற்காற்று, சீமெந்து சரியில்லை. கொன்ஸ்ரன்ஸ் பூசியது வெடித்தால் மட்டும் அது பொம்பிளை பூசின சுவர்.

பக்கத்து வீட்டு நாகேந்திரத்தாருக்கு இவரை அறிமுகப்படுத்தியதே நான்தான். ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். அவருடைய முன்சுவர் பொருமி உதிர்ந்துகொண்டிருந்தது. கொன்ஸ்ரன்ஸ் அதை உரித்துப் புதிதாகப் பூசினார். அப்படி ஒரு பூச்சு! வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்கூட ஒரு மேடு பள்ளம் தெரியவில்லை. அவர் உயிரைக் கொடுத்துப் பூசியதற்குக் காரணம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடத்தின் சாப்பாட்டு மண்டபத்தை முழுதாகப் பூச வேண்டியிருந்தது. பொறுப்பாக இருந்த சிஸ்டர் சாமினி, "நீங்க செஞ்ச சுவர் ஒண்டக் காட்டுங்க, பாத்துட்டுத் தாறோம்" என்று சொல்லியிருந்தார். அதுவரை கொன்ஸ்ரன்ஸுக்குக் கிடைத்ததெல்லாம் மதில் மூலையும் குளியலறை ஓட்டையும். ஒரு மண்டபத்தை நம்பி யாரும் அவர் கையில் விட்டதில்லை.

புதிதாகப் பூசிய சுவர் பச்சைச் சுவர். ஒரு கிழமையாவது அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும், பிறகு காய விட வேண்டும். பெயின்ற் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாகேந்திரத்தாருக்கு அந்தப் பொறுமை இல்லை. பேத்தி பெரியவளாகி, சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்தாயிற்று. கனடாவிலிருந்து ஆட்கள் ரிக்கற்றும் போட்டுவிட்டார்கள். பூசி முடித்த மறுநாள் காலை கொன்ஸ்ரன்ஸ் வாளியோடு வந்தபோது கேற் பூட்டியிருந்தது.

"நீர் ஏன் திரும்ப வந்தனீர்? வேலை முடிஞ்சுதுதானே?"

"தண்ணி அடிக்கணும் ஐயா."

"தண்ணி வழிஞ்சு ரைல்ஸெல்லாம் ஊத்தை. நாளைக்குப் பெயின்ற் அடிக்க ஆக்கள் வருகினம்."

"ஐயோ, பச்சச் சுவருங்க! இப்ப பெயின்ற் அடிச்சா மூச்சு முட்டிச் செத்துரும். ஃபங்ஷனுக்கு நான் சீலை கட்டி மறைச்சுத் தாறேன், பூவும் கட்டித் தாறேன். கொஞ்சம் பொறுங்க."

"எனக்குப் படிப்பிக்க வராதையும்."

மதிலுக்கு மேலால் நானும் சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ" என்றார். கொன்ஸ்ரன்ஸ் போகவில்லை. கேற்றுக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, எட்டியமட்டும் தண்ணீரை வீசினார். பாதித் தண்ணீர் வழியிலேயே விழுந்தது.

சாமத்தியவீடு நடந்தது. கிறீம் நிறத்தில் பளபளத்த சுவருக்கு முன்னால் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். கனடாக்காரர் விமானம் ஏறின கையோடு பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கத் தொடங்கியது. பிறகு வெடிப்பு, மூலைக்கு மூலை. நான் கொன்ஸ்ரன்ஸுக்குப் போன் எடுத்து, சிஸ்டருக்கு வேறு சுவரைக் காட்டச் சொன்னேன்.

"வேற எத? பாத்ரூம் ஓட்டையவா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தச் சுவரைக் காட்டவே சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாகேந்திரத்தார் கேற்றைத் திறந்துவிட்டு, சிஸ்டருக்குக் கைகூப்பினார். "பொம்பிளையளிட்டக் குடுத்தால் இப்பிடித்தான், சிஸ்டர். பாவம் எண்டு பாத்துக் குடுத்தனான்."

கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில்தான் நிற்கிறார். பெயின்ற் பற்றி இந்த மனுஷன் ஒரு சொல் சொல்லவில்லை! "பச்சைச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பிச்சது ஆர் எண்டும் சொல்லுங்கோவன்!" என்று மதிலடியில் நின்று கத்தினேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "யோசிச்சிட்டுச் சொல்றோம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரியும்.

கொன்ஸ்ரன்ஸ் இனிக் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். தான் பூசிய சுவரைத் தானே உடைக்கத் தொடங்கினார். சாந்து பாளம் பாளமாகக் கழன்று ரைல்ஸில் விழுந்தது.

"என்ன செய்யிறீர்? பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்க. வரட்டும். இந்தச் சுவர் என் பேர்லதானே நிக்குது? நிக்க விடமாட்டேன் ஐயா. அந்தோனியார் சத்தியமா விடமாட்டேன்."

ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெளியே எடுத்த போனை நாகேந்திரத்தார் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார்.

செங்கல் முழுவதும் வெளியே தெரிந்த பிறகுதான் சுத்தியல் ஓய்ந்தது. கொன்ஸ்ரன்ஸ் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, செங்கல்லில் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். கல் காய்ந்து கிடந்தது. சாந்து திரும்பப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் கல் நனைய வேண்டும். கேற்றடியில் கிடந்த வெறும் வாளியை எடுத்து வந்தார். அதை நாகேந்திரத்தாரின் கையில் திணித்து, முற்றத்துக் குழாயைக் காட்டினார்.