ஷீபாவின் பொதியும் நான் கேட்ட இரண்டும்

போன வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, என் கணவர் செல்லத்துரை குடோன் ஏணியிலிருந்து விழுந்தார். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் அவருக்கு வேலை. ஈரச் செருப்போடு ஏறியிருக்கிறார். முதுகு தரையில் அடித்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிச் சேர்ந்தபோது பேசினார், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை என்றார். டாக்டர் ஊசியால் பாதத்தில் குத்தினார். குத்துவதே அவருக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகும் கால் அப்படியே கிடந்தது. உணர்வு வரலாம், வராமலும் போகலாம், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் உடைந்துபோனேன். எங்களுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இந்த ஊரில் எங்களுக்கு உறவு என்று யாரும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கவோ, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகவோ நான் ஒருத்தியாக என்ன செய்வேன்? வார்டு வராந்தாவில் நின்று அழுதேன். அழுதுகொண்டே ஜெபித்தேன். அந்த ஜெபத்தை உள்ளது உள்ளபடி சொன்னால்தான் இது சாட்சி.

"ஆண்டவரே, இவர் எழுந்து நடக்க வேண்டும். அந்த ஷீபா என் கண்ணில் படாத தூரத்துக்குப் போக வேண்டும்."

இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கேட்டேன்.

ஷீபா யார் என்று சொல்கிறேன். எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி. சாலைக்குப் பின்னால் ஒரு மாடி ஹாலில் கூடுகிறோம். எல்லாம் எங்களைப் போலக் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த குடும்பங்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கள் வீடுகளில் பொதிச்சோறு கட்டுவோம். சோறும் கறியும் வாட்டிய வாழையிலையில் வைத்து, மேலே பத்திரிகைக் காகிதம் சுற்றி, நூல் கட்டினால் அது ஒரு பொதி. வீட்டுக்கு ஐந்து பொதி. நோயாளியோடு கூட இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று கொடுப்போம். யார் வீட்டுப் பொதி என்று மேலே எழுதக் கூடாது. வாங்குகிறவர்களுக்குப் பெயர் தெரிய வேண்டாம் என்பது இந்த ஊர் வழக்கம்.

இந்த ஊழியத்தை எங்கள் கூட்டத்தில் தொடங்கியது நான். வருஷக்கணக்காக இரண்டு பெரிய பைகளோடு வீடு வீடாக ஏறி இறங்கிப் பொதி சேர்த்தவள் நான். ஷீபா கருங்கல் என்கிற ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள், என்னைவிடப் பத்து வயது இளையவள். வந்த வருஷமே பாஸ்டர் இந்தப் பொதிப் பொறுப்பை அவள் கையில் கொடுத்துவிட்டார். "லில்லிபாய் சிஸ்டர், உங்களுக்கும் கால்வலி இருக்கில்லா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். எனக்குக் கால்வலி என்று அவரிடம் யார் சொன்னது?

வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் நினைத்தால் கொஞ்சம் எரிகிறது. ஷீபா மலையாளம் பேசினால் ஒருத்தரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். நான் இத்தனை வருஷம் இருந்தும், வெண்டைக்காய் என்ன விலை என்று கேட்ட உடனே "தமிழ்நாட்டிலா சேச்சி?" என்பார்கள். ஷீபா வாட்ஸாப்பில் ஒரு குரூப் தொடங்கினாள், வீடு வீடாக ஏறுகிற வேலையே நின்றுபோனது. சமைக்க முடியாத வீட்டார் இலை வாட்டிக் கொடுத்தார்கள், லீவு நாளில் பிள்ளைகள் நூல் கட்டினார்கள். நான் கூப்பிட்டபோது வராத குடும்பமெல்லாம் அவள் கூப்பிட்டதும் வந்தது. அவள் வீட்டுப் பொதி மட்டும் ஆஸ்பத்திரி வாசலிலும் சூடாகவே இருக்கும். கிளம்புகிற நேரத்தில் உலை இறக்கிக் கட்டுவாள். அதையும் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

பிறகு ஒரு சட்டம் போட்டாள். எல்லாப் பொதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். சோறு, ஒரு குழம்பு, தோரன், துவையல், ஊறுகாய், அவ்வளவுதான். "ஒருத்தர் எலையில மீன் இருந்தா பக்கத்துல இருக்கவங்க மனசு எப்படி இருக்கும்? அங்க வந்தும் அவங்க ஏங்காண்டாம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அது என்னைக் குறித்துத்தான். என் பொதியில் நெத்தோலி மீன் பொரித்து வைப்பேன், வியாழக்கிழமை பொதி என்றால் அதுதான் பேச்சு. நான் சும்மா விடுவேனா? அடுத்த வாரத்திலிருந்து மீனைச் சோற்றுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் விழுந்தார்.

விஷயம் தெரிந்த உடனே முதலில் வந்து நின்றது ஷீபாதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே குரூப்பில் எழுதினாள். யார் எந்த நேரம் கூட இருப்பது என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிட்டாள். வேலை முடிந்து ஆண்கள் இரண்டு இரண்டு பேராக வந்து அவரைத் தூக்கிப் புரட்டினார்கள். காலையில் பெண்கள் வந்து என்னை வீட்டுக்குக் குளிக்க அனுப்பினார்கள். என் துணியைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒருத்தியாக என்ன செய்வேன் என்று நான் அழுததற்கு அது பதில் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாம், "ஷீபா சொன்னாங்க, ஷீபா அனுப்பினாங்க" என்றே வந்தார்கள். விழுந்தது என் புருஷன், அழுவது நான், அதிலும் பெயர் அவளுக்கா?

பாஸ்டர் வந்து அவருக்காகச் சங்கிலி ஜெபம் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வீடு முடித்தால் அடுத்த வீடு தொடங்குமாம். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டேன். ஷீபா என்றார். நான் எழுந்து ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை வந்தது. இத்தனை காலம் கொடுக்கிற வரிசையில் நின்றவள் நான், வாங்குகிற வரிசையில் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது. பொதியைத் தொட்டுப் பார்த்து, சூடில்லாததாக எடுத்துக்கொண்டேன். அவள் சோறு என் தொண்டையில் இறங்காது என்று எனக்கே ஒரு வீராப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் பிரித்து, பாதி சாப்பிட்டபோது விரலில் மீன் தட்டுப்பட்டது. சோற்றுக்கு அடியில் நெத்தோலி!

நான்தான் கட்டவே இல்லையே, பிறகு இதை யார் வைத்தது? ஷீபா வந்தபோது கேட்டேன்.

"நீங்க அடியில ஒளிச்சு வைக்கது எனக்கு முதல்லயே தெரியும் எக்கா," என்றாள். "உங்க அஞ்சு பொதியும் இப்பம் நான்தான் கட்டுதேன், காலையிலேயே. இங்க செலபேரு சோத்துக்கு அடியில தேடுவாங்க, கேட்டியளா. அவங்க ஏமாந்துரக் கூடாதுல்லா."

சூடில்லாத பொதி எடுத்தும் அவள் சோற்றைத்தான் தின்றிருக்கிறேன். போதாததற்கு மீன் என்னுடையதைவிட மொறுமொறுப்பாக இருந்தது. அந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஜெபத்தில் இரண்டாவது விண்ணப்பத்தை முதலாவதாக வைத்தேன்.

வாரங்கள் போயின. கால் அசையவில்லை. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் என்னிடம், "நீ ஊருக்குப் போயிரு லில்லி, உங்க அக்கா வீட்டுல இரு" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன். வெளியே வந்து, இனி எனக்கு ஜெபிக்கவும் வார்த்தை இல்லை ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குத்தான் ஷீபா பெயரைச் சொல்லாமல் ஜெபித்தேன். அதற்கும் தெம்பில்லை.

அடுத்த வியாழக்கிழமை நான் வரிசைக்குப் போகவில்லை. மத்தியானம் ஷீபாவே பொதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கை பொறுக்காத சூடு. வைக்க இடமில்லாமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, டம்ளர் கழுவத் திரும்பினேன்.

"ஏட்டி, சுடுதுட்டி, எடு அதை!"

அவர் சத்தம். பார்த்தால் பொதி சரிந்து அவர் பாதத்தில் சாய்ந்து கிடக்கிறது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவருக்கு அதைவிட நேரம் ஆனது. "எங்க சுடுது?" என்று கேட்டேன். "காலுல," என்றார். சொல்லிவிட்டு அவர் அழத் தொடங்கினார். நான் டம்ளரைப் போட்டுவிட்டு அவர் பாதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வார்டே கூடிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டார். பெருவிரலை அசைக்கச் சொன்னார். லேசாக, மிக லேசாக, அசைந்தது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று நான் கத்தியது கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டதாம்.

அந்த ஆனந்தத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு முள். அற்புதம் நடந்தது நடந்தது, வேறு யாராவது வீட்டுப் பொதியால் நடந்திருக்கக் கூடாதா?

கூட்டத்தில் எல்லோரும் ஷீபாவின் ஜெபம் கேட்கப்பட்டது என்றார்கள். என் புருஷனுக்காக நான் விட்ட கண்ணீரை விட்டுவிட்டு ஆண்டவர் அவள் பேச்சைத்தான் கேட்டாரா? எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன், கடைசியில் கர்த்தருடைய காதுக்கும் பொறாமைப்பட்டேன்.

என் கணவர் முதலில் உட்கார்ந்தார். பிறகு வாக்கரைப் பிடித்து நின்றார். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைத்தடியை ஊன்றி எங்கள் ஹாலின் மாடிப்படியை அவரே ஏறினார். எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் சாட்சி சொல்ல முன்னே போகப் போனேன். அதற்குள் பாஸ்டர், ஒரு அறிவிப்பு இருக்கிறது என்றார். ஷீபாவின் கணவருக்கு மலைப்பக்கம் வித்துராவில் லாரி ஓட்டுகிற நல்ல வேலை கிடைத்திருக்கிறதாம். மாதக் கடைசியில் குடும்பத்தோடு அங்கே போகிறார்களாம்.

பெண்கள் அழுதார்கள். நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். வராந்தாவில் நின்று நான் கேட்டது இரண்டு. ஒன்று மாடிப்படி ஏறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. மற்றது இதோ.

கூட்டம் முடிந்து, ஹாலின் பின்பக்கம் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவளைப் பிடித்தேன். "ஷீபா, உண்மையச் சொல்லு. எங்களுக்காக நீ என்னன்னு ஜெபிச்ச?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்களப் போல அழகா ஜெபிக்கத் தெரியாது எக்கா. உங்க ஜெபத்தக் கேட்டா எனக்குப் பொறாமையா இருக்கும். அதுனால நான் ஒண்ணும் தனியா கேக்கல்ல. அந்த எக்கா என்ன கேக்காங்களோ அதயெல்லாம் அப்படியே குடுத்துரும் ஆண்டவரேன்னு மட்டும்தான் சொன்னேன்."

சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை. "ஷீபா மக்களே, நான் கேட்டது ரெண்டு," என்றேன். இரண்டாவது என்ன என்றும் சொன்னேன்.

அவள் முகம் வாடியது. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்பம் ரெண்டும் கெடச்சாச்சு," என்றாள். "சாரமில்ல எக்கா, விடுங்க. இனி பொதி நீங்கதான் நோக்கணும்." அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததுபோல என் புருஷன் விழுந்த அன்றைக்கும் அழவில்லை. அந்த ஜெபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்று அன்றிலிருந்து கேட்டேன். அவள் வீட்டுக்காரருக்குக் கிடைத்த நல்ல வேலையைப் பறிக்கச் சொல்லிக் கேட்க மட்டும் மனம் வரவில்லை. லாரியில் சாமான் ஏற்றினார்கள், போய்விட்டார்கள்.

இப்போது பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அவள் போட்ட சட்டம் அப்படியே இருக்கிறது, ஆனால் சோற்றுக்கு அடியில் தேடிப் பார்க்கிறவர்களை நான் இன்னும் ஏமாற்றுவதில்லை. வாட்ஸாப்பில் எழுதப் பழகிவிட்டேன். கடைசியில் உலை இறக்கி, சூடாகக் கட்டவும் பழகிவிட்டேன். இவர் சாமான் தூக்குகிற வேலையை விட்டு அதே கடையில் பில் போடுகிறார்.

போன மாதம் பஸ் ஏறி வித்துரா போனேன். அங்கேயும் வீடுகளைச் சேர்த்து, ஆஸ்பத்திரிக்குப் பொதி கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். எஸ்டேட் பக்கத்துப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, "ஷீபேச்சி, ஷீபேச்சி" என்று ஒரே பேச்சு. நான் ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள்மேல் எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்வேன்!

இதைப் படிக்கிற அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால் சோர்ந்துபோகாதீர்கள். ஆண்டவர் கேட்கிறார். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதையும் கேட்கிறார், அதனால் கேட்பதைப் பார்த்துக் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் இருக்கிற குடும்பங்கள் வியாழக்கிழமை எங்களோடு வந்து சேருங்கள். சமைக்க முடியாவிட்டால் இலை வாட்டிக் கொடுங்கள், அதுவும் முடியாவிட்டால் நோயாளியின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பொதி கொண்டு போகிறோம். ஒரு கையில் தடியும் மறு கையில் சின்னப் பையுமாக இவர் எனக்கு முன்னால் மெல்ல நடக்கிறார். அந்த நடையைப் பார்க்கும்போது, நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார் என்று தெரிகிறது. பெரிய பையின் மறு காதைப் பிடிக்க என் பக்கத்தில் ஷீபா இல்லாதபோதும் அதேதான் தெரிகிறது.