கும்மிடிப்பூண்டியில் மஞ்சள் பலகை தேடிய நாள்

இந்தத் தொழில் மந்தம் விலகும், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மறுபடியும் ஆள் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் முன்பே சொன்னவன் நான். டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பெண்டாட்டியிடமும் சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அது என் தப்பில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆனால் பொருளாதாரத்தைப் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தே படித்துவிடலாம். போன மாதம் அப்படிப் படித்துக்கொண்டு போகும்போதுதான் ஒரு கம்பெனி கேட்டில் அந்தப் பலகை கண்ணில் பட்டது. மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து: ‘வெல்டர்கள் தேவை.’

என் மாப்பிள்ளை பாஸ்கர் வெல்டர். அவர் இருந்த பட்டறை ஆர்டர் இல்லாமல் மூடியதிலிருந்து வீட்டில் ஒரு இடத்தில் உட்காரமாட்டார். வேலை தேடிப் புனேவுக்குப் போக, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார், என் மகளுக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் சேர்த்து. பேத்தி திருவள்ளூரில் எனக்கு அடுத்த தெரு. புனே எந்தத் திசை என்றே எனக்குத் தெரியாது. அவரிடம் பலகை விஷயத்தை எடுத்துவிட்டேன்.

“நெசமாவா மாமா? நீங்களே பாத்தீங்களா?”

“இந்த ரெண்டு கண்ணால பாத்தேன் மாப்ள. பெயிண்டு கூட காயல.”

வியாழன் காலை ஆறரைக்கு பைக்கில் கிளம்பினோம். பெட்ரோல் இருநூறு ரூபாய். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு வண்டியில் இருந்தபடியே ஒரு கும்பிடு, பக்கத்திலேயே நாஷ்டா. இட்லி, வடை, இரண்டு பேருக்கும் நூற்றுப் பத்து. பாஸ்கர் பாதி இட்லியிலேயே எழுந்துவிட்டார். “எந்த கேட்டு மாமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். “உள்ள போனா தானா தெரியும்” என்றேன்.

கவரைப்பேட்டையில் பெரிய ரோடு பிடித்ததும் லாரிகளைக் கவனியுங்கள். காலியாகத் தடதடவென்று ஆடினால் மந்தம். பாரத்தில் முனகினால் வேலை இருக்கிறது. அன்று எல்லாமே முனகின. இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

முதல் கேட்டில் ஆறரை அடி உயர செக்யூரிட்டி. ‘வெல்டர்கள் தேவை’ மஞ்சள் பலகை எங்கே என்று கேட்டேன்.

“போர்டா? இன்னா நைனா, இங்க நாங்களே போர்டு மாதிரிதான் நின்னுக்கினு கீறோம்.”

இரண்டாவது கேட்டில் கன்றுக்குட்டி சைஸில் ஒரு நாய். மூன்றாவதில் பலகை இருந்தது: ‘புகை பிடிக்காதீர்.’ நான்காவதைத் தாண்டும்போது பாஸ்கர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். டீக்கடையில் உட்கார்ந்தோம், டீ பன்னிரண்டு ரூபாய். அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. அப்போது கையுறையும் பையுமாக இரண்டு பேர் வந்தார்கள்.

“அண்ணே, எங்கியோ மஞ்ச போர்டு வச்சிகீறாங்களாமே, வெல்டர் எடுக்கறாங்களாம், தெரியுமா?”

எனக்குப் புரை ஏறிவிட்டது. பாஸ்கர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா மாமா, இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு!”

நான் கேட்டதை முதல் கேட்டின் அந்த ஆறரை அடியார்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வெல்டிங் நடப்பது இங்கேதான் என்று, நண்பகலுக்குள் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு கம்பெனி வாசலில் நாற்பது பேர் கூடிவிட்டோம். சரி, பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் வெளியே ஓடி வந்தார்.

“இன்னாய்யா கும்பல்? ரெண்டாவது ஷிப்ட்டே திங்கக்கிழமைதான் ஆரம்பிக்குது. ஆளு அனுப்புற கான்ட்ராக்டர்கிட்டயே இன்னும் சொல்லல, உங்களுக்கு யாரு சொன்னது?”

எல்லா விரலும் என் பக்கம் திரும்பின. “இந்தப் பெரியவருதான் போர்டைப் பாத்தாராம் சார்.”

“எந்த போர்டு?”

“அத்த வுடுங்க சார்” என்றேன். “வேலையும் கீது, ஆளும் கீது. ஒரு டெஸ்ட்டு வச்சிப் பாருங்க.”

அவர் கேட்டைத் திறந்து வெல்டர்களை மட்டும் உள்ளே விட்டார். இரண்டு இரும்புத் தகடுகளை ஒட்டச் சொன்னார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். பாஸ்கர் ஒட்டியதை சூப்பர்வைசர் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஒட்டு விடவில்லை. “திங்கக்கிழமை வந்துடு” என்றார். மொத்தம் ஆறு பேரை எடுத்தார். பிறகு என்னிடம் வந்து, உங்களைப் போன்றவர் அரசாங்கத்தில் இருக்க வேண்டும் என்றார். லாரி சத்தம் அதிகம். ‘ஓரமா நில்லுங்க’ என்றும் சொல்லியிருக்கலாம்.

திரும்பும் வழியில் சோழவரம் பக்கம் சுற்றி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, பாஸ்கர் போனில் புனே டிக்கெட்டை ரத்து செய்தார். எனக்குத் தோன்றியது இதுதான். முதலாளி ஆர்டருக்குக் காத்திருக்கிறார், கான்ட்ராக்டர் முதலாளிக்கு, தொழிலாளி பலகைக்கு. யாராவது ஒருத்தர் முதலில் போய்க் கேட்டில் நின்றால்தான் மாநிலமே நகரும்.

போகிறவர்கள் சொந்தக் கையுறை, ஆதார் நகல், சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலே போகிறது. ஒன்பது மணிக்கு முன் போய்விட்டால் வெயில் கம்மி, செக்யூரிட்டிக்கும் பேசுகிற மனசு இருக்கும்.

ஒன்று மட்டும். மஞ்சள் பலகை எந்த கேட்டில் என்று கமெண்டில் கேட்காதீர்கள். அப்படி ஒரு பலகை கிடையாது. போன மாதம் அந்தப் பேருந்தில் கும்மிடிப்பூண்டி வரும் முன்பே, கவரைப்பேட்டையிலேயே தூங்கிவிட்டேன். பாஸ்கருக்கு இன்னும் தெரியாது. இதைப் படிக்க அவருக்கு நேரமும் கிடையாது, ரெண்டாவது ஷிப்ட்.