கம்ப்யூட்டர் பூசிய விபூதி

புடவை பிடிக்காவிட்டால் மாற்றித் தரலாம். மனிதனின் முகத்தை அச்சடித்து அவனுக்கே விற்கிறவன் எதை மாற்றித் தருவான்? எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் ஒரு 'கம்ப்யூட்டர் போட்டோ' கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கேமரா முன்னால் ஆளை உட்கார வைத்தால், கம்ப்யூட்டர் முகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கும். நிழல் விழுந்த கட்டத்துக்குக் கறுப்புப் புள்ளி. வெளிச்சக் கட்டம் காலி. பிரிண்டர் அதை உள்ளங்கை அகலத் தாளில் கரகரவென்று அடித்துத் தரும்.

முதலாளி மெட்ராஸ்காரர். "தீபத்துக்குள்ள சூடு பிடிக்கலன்னா மெஷின கட்டி எடுத்துனு போயிடுவேன். நீ வேற வேல பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வாடிக்கையாளரை நம்பிப் பிழைப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

தூரத்தில் தெரிந்தவர்

முதல் போணி அடி அண்ணாமலை கிராமத்து விவசாயி ஒருவர். தாளை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, எள்ளு காய வெச்ச மாதிரி கீது" என்றார். கிட்டப் பார்த்தால் புள்ளிதான், தள்ளிப் பார்த்தால்தான் முகம் என்றேன். தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் பின்பக்கமாக நடந்தார். எதிர் வளையல் கடையில் முட்டிக்கொண்டு நின்றதும் சிரித்தார். அங்கிருந்தே சொன்னார்: "இங்கருந்து பாத்தா நானேதான். ஆனா வூட்ல மாட்டினா தெருவுல நின்னுல்ல பாக்கணும்?"

மூக்கா, மூக்குத்தியா?

வேங்கிக்காலிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மூக்குத்தி காணாமல் போனது. படத்தில்தான். அவருடைய கல் ஒரு கட்டத்தைவிடச் சின்னது. ஒரு கட்டத்தில் ஒன்றைத்தான் காட்ட முடியும் என்று விளக்கினேன். "அப்போ மூக்க எடுத்துட்டு மூக்குத்திய வைங்க" என்றார்.

மூக்கோர நிழலில் ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக்கினேன். வேறெங்கே இருந்தாலும் அது வெறும் காலியிடம். மூக்கில் இருந்ததால் கல்லாகிவிட்டது. அந்த அம்மா தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நெசக் கல்ல விட ஜாஸ்தி ஜொலிக்குதே, இதையே போட்டுக்க முடியாதா?"

படுத்த கேமரா

தேருக்கு முந்தின நாள் பிரிண்டரில் புள்ளி குத்தும் ஊசிகளில் ஒன்று உடைந்தது. அது அடிக்க வேண்டிய வரிசையெல்லாம் வெள்ளைக் கோடாக விழுந்தது. சட்டையில் கோடு, தலைமுடியில் கோடு, நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு. தொலைந்தேன் என்று முதலாளிக்கு போன் போட்டேன். அதற்குள் கிரிவலம் முடித்து வந்த ஒருவர் தன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணாமலையாரே பட்டை போட்டு வுட்டுட்டாருங்க" என்றார். அவ்வளவுதான், கடை முன்னால் கூட்டம் தாங்கவில்லை.

அதில் நாமம் போட்ட பெரியவர் ஒருவருக்கு மட்டும் முகம் சுருங்கியது. கேமராவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து இன்னொரு படம் எடுத்தேன். அதைத் திருப்பிப் பிடித்தால் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. அவர் தலையாட்டினார். "பெருமாளும் உள்ளதான் இருக்காரு. நீங்கதான் இத்தினி நேரம் கேமராவ நேரா வெச்சிட்டீங்க."

ரிப்பேர்

மறுநாள் முதலாளி மெக்கானிக்கோடு வந்தார். மெஷினைக் கட்ட கயிறும் கொண்டுவந்திருந்தார். புது ஊசி போட்டதும் முகம் ஒரு கோடில்லாமல் வந்தது. உட்கார்ந்திருந்தவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நேத்து எங்கண்ணனுக்கு மட்டும் விபூதி வந்துச்சே. நான் என்னாங்க பாவம் பண்ணேன்?"

பின்னால் நின்ற வரிசை கலைய ஆரம்பித்தது. முதலாளி வரிசையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மெக்கானிக்கிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அந்த ஒடஞ்ச ஊசியவே திரும்ப மாட்டிடுப்பா."

மெஷின் ஒழுங்காக வேலை செய்யாததால் வேலை நிலைத்து, கல்யாணமும் நடந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.