நாலாவது இடத்து ரிம்மா

சறுக்குக் காலணியின் நாடாவைக் கையில் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போடுகிறாள் ரிம்மா. பக்கத்தில் இக்னாத், வலது தோளில் சூட்டுத் தைலத்தைத் தேய்த்தபடி முனகுகிறான். "கிழவா, முனகலை இங்கயே முடிச்சிரு. உள்ள போனா எனக்குப் பாட்டு மட்டுந்தான் கேக்கணும்." காலையில் இப்படி ஒரு திட்டு விழாவிட்டால் இக்னாத்துக்கும் தோள் இளகாது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அவனுக்கு ஒரு வயது கூடுதல். ரஷ்யாவின் பெர்ம் நகரத்துப் பனியரங்கில் பள்ளிப் பருவத்திலிருந்து ஜோடியாகச் சறுக்கி ஆடுகிறவர்கள். ஊரில் பாதிப் பேர் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்திருக்கிறார்கள். ட்ராம் ஓட்டும் தன் கணவனை வைத்துக்கொண்டே ரிம்மா சொல்வாள்: "இவனைக் கட்டியிருந்தா, ஒரு சண்டையில, தலைக்கு மேல தூக்கி ஆடுறப்பவே கீழ போட்டிருப்பான்."

மற்ற நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறாள். "முதல்ல அழகா விழுங்க. நிக்கிறது தானா வரும்." வகுப்பு முடிந்ததும் கறி வைத்துப் பொரித்த குட்டிச் சோமாசிகளைக் கடுகு விழுதில் தோய்த்து நின்றபடியே தின்பாள். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தேசியப் போட்டியில் அவர்கள் எட்டிய உச்சம் நாலாம் இடம். யாராவது அதற்கு உச்சுக்கொட்டிவிட்டால் போதும். "மூணு ஜோடியை விட்டா, இந்த நாட்டுல மிச்ச அத்தனை பேரும் எங்களுக்குப் பின்னாலதான். ரஷ்யா எவ்ளோ பெருசுன்னு தெரியுமில்ல?"

இந்தக் குளிர்காலத்தில் அரங்கத் தலைவர் யெஃபீம் சவேலிச் பேச்சை எடுத்தார். "பேரோட இருக்கும்போதே விலகிடணும்மா. நகரக் கோப்பையில உங்க ஆட்டம் முடிஞ்சதும் நானே மைக்ல அறிவிச்சிடறேன். பூ, கேடயம் எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு."

ரிம்மாவால் உடனே மறுக்க முடியவில்லை. இலையுதிர்காலத்தில் இக்னாத்தின் தோள் மடங்கி, அவன் தலைக்கு மேலிருந்து அவள் விழுந்திருந்தாள். விழுந்தவளுக்கு விலா மட்டுந்தான் வலித்தது. போட்டவனுக்குத் தூக்கமே போயிற்று. அதன்பின், ஒற்றைக் கையால் அவளைத் தலைக்கு மேல் ஏந்தும் அந்தப் பெரிய தூக்கலை விட்டுவிட்டு, எளியதை வைத்தே ஒப்பேற்றி வந்தார்கள்.

கோப்பைப் போட்டியன்று, பனியில் இறங்குமுன் அவன் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு அந்தப் பெரிய தூக்கலையே பண்ணு."

"இந்தத் தோளை நம்பாதே, ரிம்மா."

"தோளை யாரு நம்புனா? உன்னைத்தான் நம்புறேன். முடியலேன்னா பூவை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம். முயற்சியே பண்ணாம வாங்குனா எனக்கு வெக்கம்."

அவன் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டுப் பனியில் இறங்கினான். இசை உச்சத்துக்கு ஏறியபோது, ஒரே மூச்சில் அவளைத் தலைக்கு மேல் கொண்டுபோனான். ஒற்றைக் கையில் அவளை ஏந்தியபடி அரங்கின் ஓரமெல்லாம் வளைந்து வந்தான். தோள் மடங்கவில்லை. மேலே அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இறக்கிவிடும்போது, வியர்வை வழியும் முகத்தோடு அவள் காதில் சொன்னான்: "அடுத்த வருஷத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சுக்கோ, தாயே."

ஆட்டம் முடிந்தது. ஊரே எழுந்து நின்று கை தட்டியது. அது அடங்குமுன் யெஃபீம் சவேலிச் மைக்கை எடுத்து, "அன்பான பெர்ம் மக்களே, நம்ம ரிம்மாவும் இக்னாத்தும் இன்னியோட..." என்று தொடங்கினார்.

மூச்சிரைக்க விரைந்து வந்த ரிம்மா, தடுப்பின் மேல் எக்கி, உள்ளங்கையால் மைக்கை மூடினாள்.