எல்லம்மாள் பனி அள்ளிய மதியம்

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த எல்லம்மாள், கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்து, ஐம்பது வயதுக்குமேல் டூர் சமையல்காரியானவள். கல்பாக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் வடக்கே கிளம்பினால், வேனின் பின்சீட்டில் பொன்னி அரிசி மூட்டையும் எல்லம்மாளும் இருந்தாக வேண்டும்.

அந்த ஜனவரியில் இமாசல மலைப்பாதையில் வேன் பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. முன்னால் நின்ற லாரியே வெள்ளையில் காணாமல் போனது. காற்று வேனைப் பிடித்து உலுக்கியது. எல்லம்மாளுக்குப் புயல் புதிதல்ல. கார்த்திகையில் கடற்காற்று வரும்போது வீட்டில் செய்வதையே இங்கும் செய்தாள். சாக்கு, துண்டு, பழைய புடவை என்று கிடைத்ததையெல்லாம் ஜன்னல் இடுக்குகளில் திணித்தாள். உள்ளே சூடு நின்றது. எல்லாரும் அவளை மெச்சினார்கள்.

கொஞ்ச நேரத்தில், டூர் வந்தவர்களில் ஒருத்தியான வசுமதிக்குத் தலை வலித்தது. அவள் கணவர் ராமானுஜம் பேச்சின் நடுவிலேயே கண் செருகினார். திரும்பிப் பார்த்த மலைக்கார டிரைவர் பதறிப்போய்ச் சாக்குகளைப் பிடுங்கி எறிந்தார். அவருடைய இந்தியை வசுமதிதான் தமிழில் சொன்னாள்: சைலன்சர் குழாயைப் பனி மூடிவிட்டது, புகை உள்ளே வருகிறது, இடுக்கையெல்லாம் அடைத்ததால் வெளியே போக வழியில்லை. எஞ்சினை நிறுத்தினால் எல்லாரும் குளிரில் விறைத்துப் போவார்கள். ஓடவிட்டால் குழாய்மேல் விழும் பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்போது வழுக்கி விழுந்த டிரைவருக்குத் தோள் பிசகியிருந்தது. மற்றவர்களுக்கோ எழுந்து நிற்கவே முழங்கால் ஒத்துழைக்காது.

எல்லம்மாள் மூட்டை கட்டும் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை வசுமதியிடம் கொடுத்தாள். சாதம் அள்ளும் பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“வேணாம் எல்லம்மா, காத்து உன்னையே தூக்கிட்டுப் போயிடும்.”

“சாக்க அடச்சது நான்தானே, நானே போறேன். நீ கயித்த வுட்றாதம்மா. சாரு தூங்குனா தொடையக் கிள்ளு. நான் கிள்ளுனா நல்லாருக்காது.”

வெளியே கண் திறக்க முடியவில்லை. வேனைத் தடவிக்கொண்டே பின்னால் போய்க் குழாயைக் கண்டுபிடித்தாள். அள்ள அள்ளப் பனி நிறைந்தது. நடவில் குனிந்த முதுகு அப்படியே குனிந்து கிடந்தது. கயிறு ஆடுகிறதா என்று பார்ப்பதும் கணவரைக் கிள்ளுவதுமாக இருந்தாள் வசுமதி. நடுநடுவே உள்ளே இழுத்து உட்கார வைத்தாலும், கைகளை எஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு மறுபடி இறங்கினாள் எல்லம்மாள்.

இருட்டுவதற்குள் பனி தள்ளும் வண்டி வந்து சேர்ந்தது. ராமானுஜம் தொடையைத் தேய்த்தபடி, தன்னைக் கிள்ளியது யார் என்று சண்டைக்கு வந்தார். எல்லம்மாள் கரண்டியைக் கீழே வைக்கப் பார்த்தாள், விரல்கள் விடவில்லை. வசுமதி அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக ஊதி ஊதிப் பிரித்தெடுத்தாள்.